மஞ்சள் நில்

போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தாள் அதை,
உடம்பில் படாமல் கொஞ்சம் தள்ளிப் பிடித்தபடி.
நெப்ராஸ்காவில் ஆகஸ்ட். என் கடையில்
விசிறி சுற்றுகிறதே தவிர காற்று இல்லை.
மேசையிலிருந்த பழைய பால் புட்டிகளை ஒதுக்கினேன்.
போர்வை விலகியதும்
மஞ்சள்.

இப்போது ஓட்டுகிறவர்களுக்குத் தெரியாது,
ஒருகாலத்தில் நில் என்ற சொல்
மஞ்சளாயிருந்தது.
ஐம்பத்துநான்கில்தான் சிவப்பானது.
மஞ்சள் அரிது. எனாமலில் மஞ்சள் அதனினும் அரிது.
குரலில் ஆசை தெரிந்துவிடக் கூடாதென்று
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

விளிம்பில் நகக்கண் அளவு பூச்சு உதிர்ந்திருந்தது:
ஐம்பது கழி.
துப்பாக்கி ரவை ஒன்றுகூடத் துளைக்கவில்லை,
எங்கள் மாவட்டத்தில் அது அதிசயம்:
நூறு கூட்டு.
முதுகில் தொழிற்சாலை முத்திரை, ஓர் எண், கோழி எச்சம்.
ஆணித் துளைகளில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன்.
கீறல் இல்லை, நெளிவு இல்லை.
"கழற்றியவர் அவசரப்படவில்லை, திருமதி போஸ்பிஷில்.
நல்ல கை."

"ஆமாம்," என்றாள்.
"லம்பெர்ட் எதையும் பொறுமையாகத்தான் கழற்றுவார்."

கதை ஏதாவது உண்டா என்று கேட்டேன்.
எல்லோரிடமும் கேட்பேன்.
தட்டச்சு செய்து பக்கத்தில் ஒட்டி வைத்தால்
வாங்குகிறவன் இருநூறு டாலர் கூடத் தருவான்.
பேனா மூடியைத் திறந்தேன்.

அவள் உட்காரவில்லை.

பதினெட்டு வயதில் ஒரு பந்தயம்.
ஆறு புட்டி பீருக்கு.
தோற்றவன் இன்னும் முதியோர் இல்லத்தில் இருக்கிறான்,
நேற்று போய்க் கேட்டேன், அழுதான்.
மூன்று நாள் கம்பம் மொட்டையாய் நின்றதாம்.
இருபுறமும் சோளம், ஆளை மறைக்கும் உயரம்.
உள்ளூர்க்காரர்கள் பழக்கத்தில் நின்றார்கள்.
நான்காம் நாள் விடியலில்
வடக்கிலிருந்து பால் லாரி,
கிழக்கிலிருந்து
ஊருக்குப் புதிதாய் வந்த பள்ளி ஆசிரியை.
பெயர் ஆர்டிஸ்.
பள்ளி திறக்க இன்னும் பத்து நாள் இருந்தது.

என்னிடம் அவர் சொன்னதே இல்லை.
மார்ச்சில் புதைத்தோம்.
போன வாரம் தீவனப் பெட்டியை நகர்த்தினேன்,
அடியில் முகம் கவிழ்ந்து கிடந்தது இது.
எங்கே போனாலும், எந்தச் சந்திப்பானாலும்,
பலகையே இல்லாத வயல்வழி முனையிலும்
வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து,
கண்ணாடியை இறக்கிக் காது கொடுப்பார்.
சோளம் வளர்வதைக் கேட்கிறீர்களோ என்று
கேலி செய்திருக்கிறேன்.
எத்தனை ஞாயிறு பூசைக்குத் தாமதம்.

'வரலாறு' என்று அச்சிட்ட கட்டத்தில்
என் பேனா ஊன்றிய இடத்தில் மை ஊறிக்கொண்டிருந்தது.
எனக்குள் ஓர் எண் இருந்தது. கதையோடு
இன்னோர் எண்.
நாக்கின் அடியில் கரைய மறுக்கும் மாத்திரையாய்
இரண்டாவது எண் அங்கேயே கிடந்தது.

"எவ்வளவு பெறும்?"
விற்க வந்தவள் கேட்கிற மாதிரி இல்லை.

"தொள்ளாயிரம்" என்றேன்.

சன்னலைப் பார்த்தபடி மனக்கணக்குப் போட்டாள்.
"நாற்பத்தாறு வருடம் அவரோடு.
வருடத்துக்கு இருபதுகூட வரவில்லையே."

மதிப்பீட்டுக் கூலி ஐந்து டாலர்.
வேண்டாம் என்றேன்.
வைத்தாள்,
ரசீது கேட்டு வாங்கிக்கொண்டாள்.

என் கடை முனையிலும் ஒரு நில் உண்டு.
சிவப்பு, அலுமினியம்,
பழைய இரும்புக்காரன் மூன்று டாலருக்கு எடுப்பான்.
அங்கே அவள் கார் நின்றது.
எஞ்சின் அடங்கியது.
கண்ணாடி இறங்கியது.

பின்னால் தானிய லாரி ஒன்று வந்து
ஹாரன் அடித்தது.
பிறகு அதுவும் அடிக்கவில்லை.